எழுதாக் கடனும் ஏறாத பதக்கமும்

அரசாங்க உத்தியோகத்தில் காலம் கழித்தவர்களுக்கு 'ஸர்வீஸ் புக்' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி, அங்க அடையாளம், இன்க்ரிமென்ட், எடுத்த லீவு, மாற்றல், பதவி உயர்வு எல்லாம் அதில் ஏறினால்தான் நடந்ததாகக் கணக்கு. ஒருவர் முப்பத்தைந்து வருஷம் எல்லோர் கண்ணெதிரேயும் உழைத்திருப்பார். நடுவில் இரண்டு வருஷத்துக்குச் சரிபார்த்த கையெழுத்து இல்லையென்றால், அந்த இரண்டு வருஷம் அவர் எங்கே இருந்தார் என்று பென்ஷன் பிரிவு கேட்கும். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் இத்தகைய காகிதங்களோடு மல்லுக்கட்டியவன். 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

குமாஸ்தாவின் இன்க்ரிமென்ட் விட்டுப்போனால் அரியர்ஸ் போட்டு ஈடு செய்துவிடலாம். உயிரைப் பணயம் வைத்துப் போரிட்ட சிப்பாயின் ஏட்டில் அவன் பெற்ற பதக்கம் விட்டுப்போனால்? அதைத் திருத்த அவனோ அவன் மனைவி மக்களோ என்ன பாடுபட வேண்டியிருக்கிறது? அமெரிக்காவில் இதற்கென்று ஒரு தனிச் சரித்திரமே இருக்கிறது. நம் அங்கத்தினர்களில் பலருடைய பிள்ளைகள் அந்த நாட்டில் குடியேறியிருப்பதால் இந்தச் சரித்திரம் சிலருக்கு ஓரளவு தெரிந்திருக்கலாம். முழுதாகச் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு காகிதம்

அமெரிக்கப் படையிலிருந்து விடுபடும் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் தருகிறார்கள். 1950 முதல் அதன் பெயர் டி.டி. 214. இரண்டாம் உலகப் போரில் இருந்த தரைப்படைச் சிப்பாய்களுக்கு அதற்கு முந்திய படிவம் ஒன்று இருந்தது. 53-55 என்பது அதன் எண். சேர்ந்த நாள், விடுபட்ட நாள், எந்தப் பிரிவு, எந்தெந்தப் போர்கள், என்ன காயம், என்ன பதக்கம் எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். வைத்திய உதவி, வீட்டுக் கடன், கல்லறையில் ராணுவ மரியாதை ஆகிய அனைத்துக்கும் இந்தத் தாள்தான் ஆதாரம். இதில் தவறு இருந்தால் பழைய தாளை அடித்துத் திருத்த மாட்டார்கள். டி.டி. 215 என்ற திருத்தத் தாளைத் தனியாகக் கொடுத்து முதல் தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நம் அலுவலகங்களில் 'கொரிஜெண்டம்' போடுவது போலத்தான்.

பதக்கம் விட்டுப்போவதற்கான காரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, பதக்கம் முறையாக உத்தரவு எண்ணுடன் வழங்கப்பட்டிருக்கும், தாளில் மட்டும் ஏறியிருக்காது. இரண்டாவது, விதிப்படி உரிமை இருக்கும், ஆனால் யாரும் சொல்லாததால் வாங்கியே இருக்க மாட்டார். மூன்றாவது, செய்த வீரச் செயலுக்குச் சிபாரிசு எழுதாமலோ, எழுதிய சிபாரிசு தொலைந்தோ, மறுக்கப்பட்டோ போயிருக்கும். முதல் இரண்டும் குமாஸ்தா வேலையால் சரியாகக்கூடியவை. மூன்றாவதுதான் ஒரு தலைமுறையையே விழுங்கிவிடும்.

1945-ல் போர் முடிந்ததும் லட்சக்கணக்கான சிப்பாய்களை ஒரே சமயத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வரிசையில் நின்றவனுக்கு ஊர் போய்ச் சேரும் அவசரம். டைப் அடித்தவருக்குப் பின்னால் இன்னும் ஆயிரம் பேர் நிற்கிறார்களே என்ற கவலை. இந்த நிலைமையில் தயாரான தாள்களில் விடுதல்கள் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். போதாததற்கு, பல பதக்கங்கள் அப்போது உலோகமாக வார்க்கப்படவே இல்லை. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் சட்டையில் குத்திக்கொள்ளும் நாடாவை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு 1947-ல் ஒரு விதி வந்தது. போர்முனையில் நின்ற காலாட்படையினருக்கு ஒரு தனிச் சின்னமும், அவர்களுடன் இருந்த மருத்துவ உதவியாளர்களுக்கு ஒரு தனிச் சின்னமும் போரின்போதே கொடுத்திருந்தார்கள். அந்தச் சின்னம் பெற்ற எல்லோருக்கும் 'வெண்கல நட்சத்திரம்' என்ற பதக்கத்துக்கும் உரிமை உண்டு என்றது அந்த விதி. நல்ல விதிதான். ஆனால் அதற்குள் அந்தச் சிப்பாய்கள் ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகிவிட்டிருந்தது. வயலிலும் ஃபேக்டரியிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விண்ணப்பித்தால் கிடைக்கும் என்று யார் போய்ச் சொல்வது? இதேபோல் போர்க்கைதிகளாக இருந்தவர்களுக்கான பதக்கத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1985-ல்தான் ஏற்படுத்தியது. 1917 ஏப்ரல் முதல் சிறைப்பட்டவர்கள் அனைவருக்கும் அது பொருந்தும் என்றார்கள். அறுபத்தெட்டு வருஷத்துக்கு முந்திய ஏட்டில் புதிய பதிவு!

1973 ஜூலை 12

இவ்வளவுக்கும் மேல் ஒரு பெரிய விபத்து நடந்தது. மிஸௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டியுள்ள ஓவர்லண்ட் என்ற இடத்தில் ராணுவப் பணியாளர் ஏடுகளுக்கென்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 1956-ல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்த மினோரு யமஸாகிதான் இதற்கும் கட்டடக் கலைஞர். ஏடுகள் இருந்த பகுதியில் தீ பட்டால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் வைக்கப்படவில்லை. தண்ணீர் பட்டால் காகிதம் பாழாகிவிடும் என்ற எண்ணம் அந்நாளில் பலமாக இருந்தது. தீயைத் தடுத்து நிறுத்தும் குறுக்குச் சுவர்களும் இல்லை.

1973 ஜூலை 12 அன்று நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷங்களில் ஆறாவது மாடியில் தீ பிடித்தது. இருபத்திரண்டு மணி நேரம் கட்டுக்கடங்காமல் எரிந்தது. முழுவதும் அணைந்தது என்று அறிவிக்க நான்கு நாட்களுக்கு மேல் ஆயிற்று. மொத்தம் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே விடுபட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் போயிற்று. 1947 செப்டம்பருக்கும் 1964 ஜனவரிக்கும் இடையே விடுபட்ட விமானப்படையினரில், ஆங்கில அகரவரிசையில் 'ஹப்பர்ட்' என்ற பெயருக்குப் பிந்தியவர்களின் கோப்புகளில் 75 சதவீதம் போயிற்று. இரண்டு உலகப் போர்களும் கொரியப் போரும் இந்தக் காலத்துக்குள் அடக்கம். நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது, எந்தெந்தக் கோப்பு உள்ளே இருந்தது என்ற பட்டியல்கூடக் கிடையாது. தீயின் காரணம் இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. பெயர் ஹ-வில் தொடங்கினால் பிழைத்தான், எம்-மில் தொடங்கினால் போனான் என்ற நிலைமையை விதி என்று சொல்வதா, நிர்வாகம் என்று சொல்வதா?

எரிந்தது ஒரு பங்கு; நனைந்தது இன்னொரு பங்கு. ஜூலை மாத வெக்கையில் நனைந்த காகிதம் இரண்டொரு நாளில் பூசணம் பிடிக்கும். அதைத் தடுக்கத் தைமால் என்ற ரசாயனத்தைத் தெளித்தார்கள். தைமால் என்றதும் பயப்பட வேண்டாம். நம் வீட்டு ஓமத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்தான் அது. குழந்தை வயிற்றுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்த நம் பாட்டிமார்களுக்கு அதன் கிருமிநாசினிக் குணம் அநுபவத்தில் தெரிந்திருந்தது.

அடுத்து, நனைந்த கட்டுகளை உலர்த்த வேண்டும். சூடு காட்டினால் காகிதம் நொறுங்கும். வெயிலில் போட்டால் காய்வதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். அதே ஊரில் மக்டானல் டக்ளஸ் விமானக் கம்பெனியிடம் விண்வெளியைப் போன்ற வெற்றிடத்தை உண்டாக்கும் பெரிய அறை இருந்தது. பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் கோப்புகளை நிரப்பி, ஒரு தடவைக்குச் சுமார் 2,000 கிரேட் வீதம் அந்த அறைக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றினார்கள். மலைமேல் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகும் அல்லவா? அங்கே காற்றழுத்தம் குறைவு, ஆகவே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை இன்னும் பல மடங்கு குறைத்தால் சூடு காட்டாமலே ஈரம் ஆவியாகிவிடும். பிரஷர் குக்கருக்கு நேர் எதிர் தத்துவம். இப்படியாகச் சுமார் 65 லட்சம் கோப்புகளை மீட்டார்கள். ஓரம் கருகிய அந்தக் கோப்புகள் இன்றும் குளிரூட்டிய தனி இடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2011-ல் ஏட்டகம் புதிய கட்டடத்துக்கு மாறியது.

சாம்பலிலிருந்து ஒரு ஏடு

எரிந்துபோன கோப்பை எப்படித் திரும்ப எழுதுவது? இங்கேதான் அந்த நாட்டு ஏட்டக ஊழியர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கையைக் கழுவிவிடாமல், அதே செய்தி வேறு எங்கெல்லாம் பதிவாகியிருக்கும் என்று யோசித்தார்கள். கடைசிச் சம்பளம் பட்டுவாடா செய்த வவுச்சர்கள் இருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தினந்தோறும் காலையில் எழுதிய 'மார்னிங் ரிப்போர்ட்' இருந்தது. அன்று இறந்தவர், காயம் பட்டவர், மாற்றலானவர் பெயர்கள் அதில் இருக்கும். முன்னாள் படைவீரர் நலத் துறையின் கோப்புகளும் மாநில அரசுகளின் கோப்புகளும் இருந்தன. 1988-ல் இன்னொரு பொக்கிஷம் கண்ணில் பட்டது. ராணுவ ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களைப் பற்றிய சுமார் ஒரு கோடிப் பதிவுகள் பழைய கம்ப்யூட்டர் நாடாக்களில் தூங்கிக்கொண்டிருந்தன. காயம் பட்டதற்கான பதக்கம் கேட்டவர்களுக்கு அது பெரிய ஆதாரம் ஆயிற்று.

வீட்டில் இருந்த தாளும் கைகொடுத்தது. போர் முடிந்து திரும்பிய பலர் தங்கள் விடுவிப்புத் தாளை மாவட்டப் பதிவு அலுவலகத்தில், நாம் கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்வது போல, பதிந்து வைத்திருந்தார்கள். தலைமை ஏட்டகத்தில் எரிந்த தாளின் நகல் சிற்றூர்க் கச்சேரியில் பத்திரமாக இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் மிஸௌரியில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டு முதியவர் ஒருவர் தம் அண்ணாவைப் பற்றிச் சொன்னார். அண்ணா இத்தாலியில் காலாட்படையில் இருந்தவர்; போரைப் பற்றி வாய் திறக்காமலே காலமானவர். அவருடைய கோப்பு தீயில் போய்விட்டது. தகரப் பெட்டியில் விடுவிப்புத் தாள் மட்டும் இருந்தது. அதில் காலாட்படைச் சின்னம் குறிக்கப்பட்டிருந்தது. வெண்கல நட்சத்திரம் இல்லை. இறந்தவருக்காக மனைவி, மக்கள், பெற்றோர் மட்டுமல்லாமல் உடன்பிறந்தாரும் விண்ணப்பிக்கலாம் என்பதால் தம்பி விண்ணப்பித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் அட்டைப் பெட்டியில் தபாலில் பதக்கம் வந்தது, கூடவே திருத்தத் தாளும். பதக்கத்தைக் காட்டியதைவிட அந்தத் தாளைத்தான் அவர் எனக்கு நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தார். காகித உத்தியோகத்தில் இருந்த எனக்கு அது புரிந்தது.

மனுவும் வாரியமும்

இந்த எளிய வழியில் தீராதவற்றுக்கு ஒரு வாரியம் உண்டு. 1946-க்கு முன்பு ஒரு சிப்பாயின் ஏட்டைத் திருத்த வேண்டுமானால் காங்கிரஸில் அவன் ஒருவனுக்காகத் தனி மசோதா கொண்டுவர வேண்டும். அந்தச் சுமை தாங்காமல் 1946-ல் ஒரு சட்டம் செய்து, ராணுவ ஏடுகளைத் திருத்தும் அதிகாரத்தைச் சிவிலியன்கள் மட்டுமே கொண்ட வாரியங்களிடம் விட்டார்கள். சீருடை அணிந்தவர் செய்த தவற்றைச் சீருடை அணிந்தவரே விசாரிக்கக் கூடாது என்ற நியாயம் இதில் இருக்கிறது.

தவறு தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். நியாயத்தை முன்னிட்டு வாரியம் இந்தக் கெடுவைத் தளர்த்தலாம். ஆனால் ஏட்டில் உள்ளது சரியென்றுதான் தொடக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். தவறு என்று நிரூபிப்பது மனுதாரர் பொறுப்பு. உடனிருந்த சிப்பாய்களின் பிரமாணப் பத்திரம், படைப்பிரிவின் உத்தரவு, அக்காலத்துக் கடிதம், பத்திரிகைச் செய்தி என்று ஆதாரம் கொடுக்க வேண்டும். மறுக்கப்பட்ட அல்லது எழுதாமலே போன சிபாரிசை எத்தனை வருஷம் கழித்தும் காங்கிரஸ் உறுப்பினர் மூலம் மறுபரிசீலனைக்கு அனுப்பலாம் என்று 1996-ல் இன்னொரு வாசலையும் திறந்தார்கள்.

ஏட்டில் இல்லாத இருபத்தொரு காயங்கள்

மூன்றாவது வகைக்கு உதாரணமாக ஹென்றி ஜான்சனைச் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர். ஆல்பனி ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். முதல் உலகப் போரில் 369-ஆவது காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். கறுப்பினத்தவரைத் தம்மோடு நிறுத்தி வைத்துப் போரிட மனமில்லாத அமெரிக்கப் படை, அந்தப் பிரிவைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தது. 1918 மே மாதம் நள்ளிரவில் ஜெர்மானியர் ஒரு டஜனுக்கு மேல் சூழ்ந்துகொண்டபோது, குண்டு தீர்ந்ததும் துப்பாக்கிக் கட்டையாலும் பிறகு கத்தியாலும் போராடித் தம் தோழரைச் சிறைப்படாமல் காப்பாற்றினார். உடம்பில் இருபத்தொரு காயங்கள். பிரெஞ்சு அரசு தன் உயர்ந்த பதக்கங்களில் ஒன்றை அவருக்கு அளித்தது. சொந்த நாடு எதுவும் தரவில்லை. அவருடைய விடுவிப்பு ஏட்டில் அந்தக் காயங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1929-ல் அவர் காலமானார். அநாதைகளைப் புதைக்கும் இடத்தில் புதைத்துவிட்டார்கள் என்று ஊரார் வெகுகாலம் நம்பினார்கள். எழுபது ஆண்டுகள் கழித்துத் தேடியபோது, ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் ராணுவ மரியாதையுடன் அடக்கமானவர் அவர் என்று தெரிந்தது. பெயர் 'வில்லியம் ஹென்றி ஜான்சன்' என்று பதிவாகியிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. காயத்துக்கான பதக்கம் 1996-ல் வந்தது. பிறகு தளபதி பெர்ஷிங் அந்தச் சண்டையைக் குறிப்பிட்டு அப்போதே எழுதிய தஸ்தாவேஜு ஒன்று அகப்பட்டது. அதன் பலத்தில் 2015 ஜூன் 2 அன்று ஜனாதிபதி ஒபாமா மிக உயர்ந்த விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' அளித்தார். வாங்கிக்கொள்ள ரத்த சம்பந்தமுள்ளவர் என்று யாரும் நிச்சயப்படவில்லை. நியூயார்க் மாநிலப் படையின் ஸார்ஜெண்ட் ஒருவர் பெற்றுக்கொண்டார். தொண்ணூற்றேழு ஆண்டுகள்!

இது ஒரு தனி மனிதர் கதை அல்ல. இரண்டாம் உலகப் போரில் கறுப்பினத்தவர் ஒருவருக்குக்கூட அந்த உயர்ந்த விருது அப்போது தரப்படவில்லை. 1993-ல் ராணுவமே ஒரு பல்கலைக்கழகத்தை ஆராயச் சொன்னது. 1997 ஜனவரி 13 அன்று ஏழு பேருக்கு ஜனாதிபதி கிளின்டன் விருது அளித்தபோது உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. அதன்பின் ஆசிய வம்சாவளியினரின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து 2000 ஜூனில் இருபத்திரண்டு பேருக்கு அளித்தார்கள். இத்தாலியில் வலக்கையை இழந்து, பிறகு ஹவாய் மாநிலத்தின் செனட்டராக விளங்கிய டேனியல் இனௌயே அவர்களில் ஒருவர். யூதர், ஸ்பானிய வம்சாவளியினர் ஏடுகளும் ஆராயப்பட்டு 2014 மார்ச்சில் மேலும் இருபத்துநான்கு பேர் கௌரவிக்கப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த நிலைப் பதக்கம் ஏற்கெனவே தரப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். செய்ததை அன்றே ஒப்புக்கொண்டார்கள். பெயரையும் நிறத்தையும் பார்த்து ஒரு படி இறக்கினார்கள்.

விடாத மனைவி

கார்லின் கானர் கதை வேறு விதம். கென்டக்கி மாநிலத்து விவசாயி. 1945 ஜனவரி 24 அன்று பிரான்ஸில், இடுப்புக் காயத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர், அங்கிருந்து தம் படைக்குத் திரும்பி வந்திருந்தார். ஜெர்மன் டாங்கிகளும் சுமார் அறுநூறு காலாட்களும் வந்தபோது, டெலிஃபோன் கம்பியை இழுத்துக்கொண்டு தம் முன்னணி வரிசைக்கும் முப்பது கஜம் முன்னே ஓடிப்போய் ஒரு பள்ளத்தில் படுத்தார். மூன்று மணி நேரம் அங்கிருந்தபடி பீரங்கிகளுக்கு இலக்குச் சொன்னார். எதிரி மிக அருகில் வந்துவிட்டபோது, தாம் படுத்திருக்கும் இடத்தின் மீதே குண்டு போடச் சொன்னார். தாக்குதல் முறிந்தது. அவருக்கு இரண்டாம் நிலைப் பதக்கம் கிடைத்தது. ஊர் திரும்பிப் புகையிலை பயிரிட்டு வாழ்ந்தார்.

1996-ல் தம் மாமா போரில் எப்படி இறந்தார் என்று தேடிக்கொண்டிருந்த முன்னாள் சிப்பாய் ஒருவர், மாமாவுடன் இருந்தவர் என்று அறிந்து கானரைத் தேடி வந்தார். நரம்புத் தளர்ச்சி நோயால் கானரால் சரியாகப் பேச முடியவில்லை. வீட்டில் இருந்த காகிதங்களைப் படித்துப் பார்த்த அந்த மனிதர் திகைத்துப்போய், இவருக்கு மிக உயர்ந்த விருதே தகும் என்று மனுப் போட்டார். வாரியம் மறுத்தது. 1998-ல் கானர் காலமானார். அவர் மனைவி பாலின் விடவில்லை. நேரில் கண்ட மூவரின் சாட்சியங்கள் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டன. காலம் கடந்துவிட்டது என்றார்கள். வழக்குப் போட்டார், 2014-ல் கெடு தாண்டிய காரணத்தால் தள்ளுபடி ஆயிற்று. மேல்முறையீட்டில் சமரசப் பேச்சு நடந்து, 2015-ல் அதே வாரியம் திரும்பப் பார்த்துச் சாதகமாக எழுதியது. 2018 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் அந்த அம்மாள் விருதைப் பெற்றுக்கொண்டார். முதல் மனுவிலிருந்து இருபத்திரண்டு வருஷம். செயல் ஒன்றுதான், சாட்சியும் ஒன்றுதான். கேட்கும் மனசுதான் நடுவில் மாறியது.

நாணயத்தின் மறுபக்கம்

ஏட்டைத் திருத்துவது என்றால் சேர்ப்பது மட்டுமல்ல, நீக்குவதும் உண்டு. உள்நாட்டுப் போரின்போது 1863-ல் மெய்ன் மாநிலத்து 27-ஆவது படைப்பிரிவில் சுமார் முந்நூறு பேர், தங்கள் கெடு முடிந்தும் தலைநகரைக் காக்கச் சில நாட்கள் தங்க ஒப்பினார்கள். தங்கியவர்கள் யார் என்ற பட்டியல் சரியாக இல்லாததால் பிரிவு முழுவதற்கும், 864 பேருக்கும், மெடல் ஆஃப் ஹானர் அனுப்பிவிட்டார்கள்! 1917-ல் தளபதிகள் குழு ஒன்று எல்லா ஏடுகளையும் சலித்து 911 பெயர்களை நீக்கியது. நீக்கப்பட்டவர்களில் போர்க்களத்தில் வைத்தியம் செய்த டாக்டர் மேரி வாக்கரும் ஒருவர். அந்த விருதைப் பெற்ற ஒரே பெண்மணி. அவர் பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. 1919-ல் இறக்கும்வரை அணிந்திருந்தார். 1977-ல் மேலே சொன்ன ஏடு திருத்தும் வாரியத்தின் மூலமாகவே அவர் பெயர் மீண்டும் ஏறியது.

பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. அதைத் தண்டிக்க 2006-ல் ஒரு சட்டம் செய்தார்கள். வெறும் பொய்ப் பேச்சு குற்றமாகாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படிப் பொய் சொல்லி ஆதாயம் அடைவதுதான் குற்றம் என்று 2013-ல் புதிய சட்டம் வந்தது. ஆகவே வாரியம் ஆதாரம் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். சுலபமாகச் சேர்க்க முடிகிற ஏட்டுக்கு மதிப்புக் கிடையாது. கேட்பவனுடைய வயதையும் நோயையும் பார்த்து, சற்றே சீக்கிரம் பதில் சொல்லலாம் என்பதுதான் என் கட்சி.

நம் தேசத்தில்

நம் சிப்பாய்கள் விஷயத்திலும் ஏடு விளையாடியிருக்கிறது. 1999 கார்கில் போரில் டைகர் ஹில்லில் பல குண்டுகளை உடம்பில் ஏற்ற கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம வீர சக்கரம் அறிவித்தபோது, அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். அவரோ ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர் உயிர் துறந்திருந்தார். பெயரொற்றுமை செய்த வேலை. இங்கே தவறு சில நாட்களில் சரியாயிற்று.

முதல் உலகப் போரில் போன நம்மவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இராக்கில் பாஸ்ராவில் உள்ள நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷாரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு, இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். பஞ்சாபிலிருந்து போன சுமார் 3,20,000 பேருடைய கிராமவாரிப் பதிவேடுகள் லாகூர் அருட்காட்சியகத்தில் பிரிக்கப்படாமலே கிடந்து, 2021-ல்தான் ஒரு பகுதி கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு வெளியாயிற்று. தாத்தா போருக்குப் போனார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்த குடும்பங்கள் இப்போது பெயரைத் தேடிப் பார்க்கின்றன. இன்றைய படைவீரர்களின் பணி சம்பந்தமான குறைகளை விசாரிக்க 2007-ல் சட்டம் செய்து ராணுவத் தீர்ப்பாயம் ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதன் கிளை ஒன்று சென்னையிலும் இருக்கிறது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். அரசாங்கத்தைப் பொறுத்தவரை ஏட்டில் இருப்பதுதான் சுரைக்காய்; கொல்லையில் காய்த்துத் தொங்குவது கணக்கில் வராது. இது நல்லதா கெட்டதா என்று வாதம் செய்வதைவிட, ஏட்டைச் சரியாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் ராணுவ டாக்டர்கள், எஞ்ஜினீயர்கள், விமானப்படையினர் பலர் உண்டு. அவர்களுடைய விடுவிப்புப் புத்தகம், பதக்கம் வழங்கிய உத்தரவு, படைப்பிரிவின் பெயர், பணி எண் ஆகியவற்றை நகல் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி வைத்த ஏட்டகம் என்ன ஆயிற்று என்று பார்த்தோமே! பழைய போட்டோக்களின் பின்புறம் பெயரும் வருஷமும் பென்ஸிலால் எழுதுங்கள். முக்கியமாக, தாத்தா உயிரோடு இருக்கும்போதே அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். கானரைத் தேடி வந்தவர் ஐந்தாறு வருஷம் முன்னால் வந்திருந்தால், விருதை அவர் கையிலேயே கொடுத்திருக்க இடமிருந்தது.